5 ஆம்பியர் சுவிட்சுக்கு 60 மைக்ரோஆம்பியர் வேலை

சென்ற மார்கழியில், ராணிப்பேட்டையில் வாழும் அக்காவின் மகனுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி செய்து கொடுத்தேன். இரண்டு பேர் அருகருகே நின்று ஆடுவதற்கான ஒட்டுப்பலகைப் பெட்டி அது. ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு ஆட்டப் பட்டன்கள், ஆட்டத்தைத் தொடங்க ஒரு பட்டன், காசு போட்டதாகக் கணக்குக் காட்ட ஒரு பட்டன். பின்புறம் வரும் யு.எஸ்.பி. ஒயரைப் பழைய மடிக்கணினியில் செருகிப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம். தொண்ணூறுகளில் வேலூர் வீடியோ கேம் கடைகளில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு முறைக்குக் காத்து நின்ற எங்கள் வயதினருக்கு அந்தப் பலகையின் அமைப்பு கையிலேயே பதிந்திருப்பதால், அளவெடுப்பதிலும் துளை போடுவதிலும் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பங்குனி முடிவதற்குள் தொலைபேசி வந்தது.

“மாமா, குத்து வுடற பட்டன் ரெண்டு வாட்டி அமுக்குனாதான் ஒரு வாட்டி வுழுது. நாலு பட்டன் அதே மாதிரி கீது.”

அந்த நான்கு பட்டன்களைத் தேடிப் போனதில், முதல் முறை நான் உதிரிப்பாகங்களைத் தேர்ந்தெடுத்த முறையே தலைகீழானது என்று தெரிந்துகொண்டேன். சத்துவாச்சாரியில் என் வீட்டு மேசைமீது பெட்டியை மீண்டும் பிரித்து, இரண்டாம் முறை எதை எதற்காக வாங்கினேன் என்பதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் மைக்ரோ சுவிட்ச். ஆர்கேட் பட்டன் என்பது வெறும் பிளாஸ்டிக் குமிழும் சுருள்வில்லும்தான். மின்சுற்றை மூடுவதும் திறப்பதும் அதன் அடியில் செருகியிருக்கும் மைக்ரோ சுவிட்சின் வேலை. ஜாய்ஸ்டிக்கின் அடியிலும் திசைக்கு ஒன்றாக நான்கு சுவிட்சுகள் உண்டு. என் பெட்டியில் பட்டன்களுக்குப் பதினாறும் ஜாய்ஸ்டிக்குகளுக்கு எட்டுமாக மொத்தம் 24. அவற்றை வாங்கும்போது, உறைமீது 5 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து மனம் நிறைந்து எடுத்துவந்தேன். வீட்டுக்குச் சுவிட்ச் வாங்கப் போனால் 6 ஆம்பியரைவிட 16 ஆம்பியர் திடமானது என்று பழகிய புத்தி அது. பெரிய எண் இருந்தால் நீடித்து உழைக்கும், சிறிய வேலைக்குப் பெரிய சுவிட்ச் போட்டால் அதற்கு ஓய்வுதானே என்று நினைத்தேன்.

பழுதான பட்டன்களில் ஒன்றைக் கழற்றி, சுவிட்சின் உறையைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தபோது, உள்ளே தொடுமுனைப் புள்ளி கறுத்துக் கிடந்தது. தீய்ந்த கறுப்பு அது அன்று. அக்காவின் வெள்ளிக் கொலுசில் நான் பலமுறை பார்த்திருக்கும் கறுப்பு. ராணிப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன நாள் முதலாக, கொலுசும் குத்துவிளக்கும் அங்கே சீக்கிரம் கறுத்துவிடுவதாக அக்கா குறைப்பட்டுக்கொள்வார். பண்டிகைக்கு முந்தைய நாள் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வட ஆற்காட்டில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்து ஊறவைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அந்தக் கழிவுநீர் அமிலம் கலந்த நீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற, அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு கிளம்பும். காற்றில் அந்த வாயு மிகச் சிறிதளவு இருந்தாலும் வெள்ளியின் மேற்பரப்பு வெள்ளி சல்பைடாக மாறிக் கறுக்கும். 5 ஆம்பியர் மைக்ரோ சுவிட்சின் தொடுமுனை பெரும்பாலும் வெள்ளி அல்லது வெள்ளிக் கலவை. அக்காவின் கொலுசுக்கும் என் சுவிட்சுக்கும் ஒரே நோய் என்று நான் முடிவு கட்டியது இப்படித்தான்.

வெள்ளியைப் போட்டிருப்பவர்கள் விவரம் தெரியாமல் போடவில்லை. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு இணையான உலோகம் கிடையாது. மோட்டாரையோ விளக்கையோ இயக்கும் சுவிட்சில், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் எழும் சிறு தீப்பொறி அந்தக் கறுப்புப் படலத்தை எரித்துச் சுத்தம் செய்துவிடுகிறது. அதாவது, அந்தச் சுவிட்சைச் சுத்தமாக வைத்திருப்பது அது சுமக்கும் மின்னோட்டமே. என் பெட்டியில் அது எவ்வளவு மின்னோட்டத்தைச் சுமந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டன்களைப் படித்துக் கணினிக்குச் சொல்ல நான் பயன்படுத்தும் ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையில், பட்டனை அழுத்தாதபோது உள்ளீட்டின் மின்னழுத்தத்தை மேலே தூக்கிப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர் ஒன்று ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. அதன் மதிப்பு 50 முதல் 80 கிலோ ஓம் வரை. பலகையின் மின்னழுத்தம் 3.3 வோல்ட். எனவே பட்டனை அழுத்தும்போது சுவிட்ச் வழியாக ஓடுவது 41 முதல் 66 மைக்ரோஆம்பியர். 5 ஆம்பியருக்காகச் செய்த தொடுமுனையில் அதன் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் ஓடினால் தீப்பொறி எங்கிருந்து வரும்?

இதைப் பார்த்த பிறகுதான் டேட்டா ஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில், அதிகபட்ச எண்ணுக்கு அடுத்த வரியையும் படிக்கத் தொடங்கினேன். ஆம்ரான் நிறுவனத்தின் எஸ்.எஸ். வரிசை மைக்ரோ சுவிட்சுகளின் தாளில் குறைந்தபட்சச் சுமை என்று ஒரு வரி இருக்கிறது. 5 ஆம்பியருக்கான எஸ்.எஸ்-5 வகைக்கு அது 5 வோல்ட்டில் 160 மில்லிஆம்பியர், 0.1 ஆம்பியருக்கான எஸ்.எஸ்-01 வகைக்கு 5 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியர். என்னுடைய மின்னோட்டம் முதல் வகைக்கு இரண்டாயிரம் மடங்குக்குமேல் குறைவு. 0.1 ஆம்பியர் வகைகளின் தொடுமுனையில் தங்கக் கலவையோ தங்கப் பூச்சோ இருக்கும். தங்கம் கறுக்காது என்பதை நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஸ்.எஸ். வரிசை அளவில் சிறியது, ஆர்கேட் பட்டனுக்குள் பொருந்தாது. ஆனால் பட்டனில் உட்காரும் பெரிய அளவிலும் 0.1 ஆம்பியர் வகைகள் விற்கப்படுகின்றன. வேலூரில் கேட்ட இரண்டு கடைகளிலும் அது இல்லை. ஒரு ஞாயிறு கழியக் காத்திருந்து, திங்கட்கிழமை காலை காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்த்தான் எடுத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அடைத்த கதவுகளைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் ஏற்கெனவே உண்டு.

இதைவிட மலிவான வழி ஒன்று எனக்கு முதலில் தோன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். சுவிட்சுகளை அப்படியே வைத்துக்கொண்டு, வெளியே சிறிய மதிப்புள்ள புல்-அப் ரெசிஸ்டரைப் போட்டு மின்னோட்டத்தை உயர்த்தினால் என்ன? 2.2 கிலோ ஓம் போட்டால் 1.5 மில்லிஆம்பியர் ஓடும். இருபது மடங்குக்குமேல் உயர்வு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அழுத்தப்பட்டதாகப் பிக்கோ நிச்சயமாக ஏற்றுக்கொள்ள, உள்ளீட்டின் மின்னழுத்தம் 0.8 வோல்ட்டுக்குள் இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் 50 கிலோ ஓமை மட்டும் நம்பினால், தொடுமுனையில் 15 கிலோ ஓம் தடை இருந்தாலும் அந்த எல்லைக்குள் இறங்கிவிடும், 2.2 கிலோ ஓம் போட்டுவிட்டால், தொடுமுனையின் தடை 700 ஓமைத் தாண்டியதுமே இறங்காது. படலத்தை உடைக்கும் வலிமை கூடுகிறது, உடையாத படலத்தைப் பொறுத்துக்கொள்ளும் குணம் குறைகிறது. கறுத்த வெள்ளிக்கு ரெசிஸ்டரை மாற்றுவது, பஞ்சரான சக்கரத்துக்குக் காற்று மட்டும் அடிப்பதைப் போன்றது. தொடுமுனையைத் தங்கமாக்கிய பிறகு, அந்த வகை கேட்கும் 1 மில்லிஆம்பியரைக் கொடுப்பதற்காக 2.2 கிலோ ஓம் போடுவதே முறை. அப்படியே செய்தேன். கால் வாட் ரெசிஸ்டர் போதும். ஒவ்வொன்றிலும் வீணாவது 5 மில்லிவாட்தான். சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று மூன்று வளையங்களும் ஒரே நிறத்தில் இருப்பதால், மாலை வெளிச்சத்தில் என் வயதுக் கண்ணுக்கும் தவறு நேரவில்லை.

தங்கத் தொடுமுனை வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதில் ஒருமுறை பெரிய மின்னோட்டத்தை ஓடவிட்டால் தங்கப் பூச்சு எரிந்துபோய், கீழே இருக்கும் உலோகம் வெளியே வந்துவிடும். அதன்பின் அந்தச் சுவிட்ச் சிறிய மின்னோட்டத்துக்கு உதவாது. விளக்கை எரியவிட்டுச் சோதிக்கும் பழக்கம் இங்கே ஆகாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

பலகையைப் பொறுத்தவரை முதல் முறை எடுத்த முடிவை மாற்றவில்லை. ஆர்டுயினோ ஊனோவை நிறையப் பேர் கையில் வைத்திருக்கிறார்கள். காட்பாடிப் பக்கம் பொறியியல் மாணவர்களிடம் இல்லாத வீடே இருக்காது. ஆனால் பரவலாக இருக்கும் அதன் ஆர்3 பதிப்பில் முதன்மைச் சில்லு நேரடியாக யு.எஸ்.பி. பேசாது, இடையில் வேறொரு சில்லு இருந்து மொழிபெயர்க்கிறது. கணினியில் செருகியதும் விசைப்பலகையாகவோ கேம்பேடாகவோ தோன்ற வேண்டுமென்றால், ஏ.டி.மெகா32யு4 சில்லு உள்ள லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ, இல்லையேல் ஆர்.பி.2040 சில்லு உள்ள பிக்கோ வேண்டும். ப்ரோ மைக்ரோவில் வெளியே வரும் முனைகள் 18. எனக்கு வேண்டியவை 24. வரிசையும் பத்தியுமாக அணி அமைத்தால் 5-க்கு 5 என்ற கணக்கில் பத்து முனைகளிலேயே 25 பட்டன்களைப் படிக்கலாம் என்பது உண்மை. அதற்கு ஒவ்வொரு சுவிட்சுக்கும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4148 டையோடு ஒன்று கட்டாயம். டையோடு இல்லாமல், அணியில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள பட்டன்களைச் சேர்ந்தாற்போல் அழுத்தினால், அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தியதாகத் தெரியும். ஜாய்ஸ்டிக்கைச் சாய்வாகத் தள்ளினாலே இரண்டு சுவிட்சுகள் மூடிவிடும், ஒரு குத்துப் பட்டனைச் சேர்த்தால் மூன்று. இரண்டு பிள்ளைகள் மோதிக்கொள்ளும் ஆட்டத்தில் அது ஒவ்வொரு நொடியும் நடக்கும். 24 டையோடுகள் என்றால் 48 ஈயப் பற்றுகள். பழுது வரும் இடங்களை நானே நாற்பத்தெட்டாகப் பெருக்கிக்கொள்வானேன்?

2021 ஜனவரியில் வெளிவந்த பிக்கோவில் 26 முனைகள் பயன்பாட்டுக்கு உண்டு, ஆகவே ஒரே பலகையில் 24 பட்டன்களும் அடங்கும். அப்படியிருந்தும் ஆட்டக்காரருக்கு ஒன்றாக இரண்டு பலகைகள் வைத்தேன். ஜி.பி.2040-சி.இ. என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றினால் ஒரு பலகை ஒரு கேம்பேடாகக் கணினிக்குத் தெரியும். நிரல் எழுதும் வேலை எனக்கில்லை. ஒரே பலகையை விசைப்பலகையாக்கினால், சாதாரண யு.எஸ்.பி. விசைப்பலகை முறையில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை தவிர ஒரே நேரத்தில் ஆறு விசைகள்தான் கணக்கில் வரும் என்ற தொல்லையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பலகை படுத்துவிட்டால் மற்றவராவது ஆடிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரும் அழுதால் அக்கா தாங்க மாட்டார். பிக்கோவின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை, அவற்றில் 5 வோல்ட்டைக் காட்டக் கூடாது. 2024-இல் வந்த பிக்கோ 2-ஐ வாங்கினாலும் பட்டனை முனைக்கும் கிரவுண்டுக்கும் (பூஜ்ய வோல்ட் முனைக்கும்) இடையில் இணைத்துப் புல்-அப் முறையையே பின்பற்றுங்கள்; அதன் சில்லின் தொடக்கப் பதிப்பில், உள்ளீட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் புல்-டவுன் முறை சரியாக வேலை செய்யாத குறை ஒன்று அறியப்பட்டிருக்கிறது.

சுவிட்ச் மூடும்போது தொடுமுனைகள் சில மில்லிவிநாடிகளுக்குத் துள்ளும். அதற்காக ஒவ்வொரு பட்டனிலும் 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. 2.2 கிலோ ஓமோடு அது சேர்ந்தால் கிடைக்கும் கால அளவு 0.22 மில்லிவிநாடி மட்டுமே. துள்ளலை அடக்க அது போதாது. அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமலிருக்க மென்பொருளில் 5 மில்லிவிநாடி என்று வைத்துவிட்டேன். நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி இருப்பதால், அந்தத் தாமதம் பையனின் கைக்குத் தெரியவில்லை.

இனி லக், அதாவது ஒயரின் நுனியில் அழுத்திப் பொருத்தி, சுவிட்சின் காது எனப்படும் உலோகத் தகட்டில் செருகும் கவ்வி. நான்கு பழுதுகளில் இரண்டுக்குத்தான் கறுத்த சுவிட்ச் காரணம். மற்ற இரண்டையும் திறந்தால் உள்ளே பளிச்சென்று இருந்தது, ஆனாலும் பட்டன் தவறியது. இரண்டும் இரண்டாவது ஆட்டக்காரரின் பக்கத்தில் கிரவுண்டு ஒயர் கடைசியாகத் தொடும் பட்டன்கள். அந்த இரண்டு பட்டன்களுக்குள் எரியும் விளக்கின் வெளிச்சமும் மற்றவற்றைவிட ஒரு சாயல் மங்கலாக இருந்ததை, ராணிப்பேட்டையில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடும் மருமகன்தான் முதலில் கவனித்திருக்கிறான். என்னிடம் சொல்லத் தோன்றவில்லை.

மைக்ரோ சுவிட்சின் காதில் ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைப்பது கூடாது என்பது என் கட்சி. சூடு பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் பிசின் உள்ளே இறங்கித் தொடுமுனையில் ஒட்டும், பின்னால் சுவிட்சை மாற்றவும் முடியாது. லக் செருகுவதே சரி. முதல் முறை, தோட்டப்பாளையத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் பாயிடம் ஒரு பொட்டலம் லக் வாங்கினேன். ஹாரனுக்கும் ரிலேவுக்கும் போடுவது 6.3 மில்லிமீட்டர் லக். என் சுவிட்சின் காது 4.8 மில்லிமீட்டர். குறட்டால் இரண்டு பக்கமும் நசுக்கினால் இறுகிக்கொள்ளும் என்றார். இறுகத்தான் செய்தது. நான் இழுத்துப் பார்த்தும் வரவில்லை. பிள்ளைகள் மூன்று மாதம் குத்திய அதிர்வில் அது தளர்ந்து, சில நேரம் 20 ஓம் வரை தடை காட்டியது.

20 ஓம் என்பது பட்டனுக்கு ஒரு பொருட்டே இல்லை. மேலே சொன்ன 700 ஓம் எங்கே, இது எங்கே! ஆனால் நான் செய்திருந்த இன்னொரு சிக்கனம் அங்கே குறுக்கே வந்தது. பட்டனுக்குள் இருக்கும் எல்.இ.டி. விளக்கின் எதிர்முனையையும் சுவிட்சின் கிரவுண்டையும் ஒரே ஒயரில் கோத்திருந்தேன். விளக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 20 மில்லிஆம்பியர், அந்த லக்கைத் தாண்டி இருந்த விளக்குகள் இரண்டு, ஆக 40 மில்லிஆம்பியர். 40 மில்லிஆம்பியர் 20 ஓம் வழியே ஓடினால் 0.8 வோல்ட் நிற்கும். அதாவது கிரவுண்டு என்று நான் நம்பிய இடம் 0.8 வோல்ட் உயரத்தில் இருந்தது. பட்டனை முழுமையாக அழுத்தினாலும் உள்ளீடு அதற்குக் கீழே இறங்க வழியில்லை; பிக்கோ ஏற்றுக்கொள்வதாக உறுதி கூறும் எல்லையும் அதே 0.8. எனவே லக் அசையும் போக்கில் சில அழுத்தங்கள் ஏறின, சில தவறின. மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலி எழுப்பும் கன்டினியூட்டியில் வைத்தால் 20 ஓமுக்கும் பீப் என்று மகிழ்ச்சியாகக் கத்தும், ஆகையால் முதல் நாள் முழுவதும் அந்த லக்கை நான் சந்தேகிக்கவே இல்லை. விளக்குகள் எரியும்போது பலகையின் கிரவுண்டுக்கும் பட்டனின் கிரவுண்டுக்கும் இடையில் வோல்ட்டேஜ் அளந்த பிறகே பிடிபட்டது. கோத்துச் செல்லும் கிரவுண்டைச் சோதிப்பவர்கள் பீப் சத்தத்தை நம்பாமல், சுமை ஓடும்போது மில்லிவோல்ட்டில் அளப்பது நல்லது.

இரண்டாம் முறை மூன்றையும் திருத்தினேன். லக்கை 4.8 மில்லிமீட்டரிலேயே வாங்கி, அதற்குரிய ராட்செட் குறட்டால் அழுத்தினேன். ஜப்பானிய வகைப் பட்டன்களின் காது 2.8 மில்லிமீட்டராக இருக்கும். வாங்குவதற்கு முன் வெர்னியரால் ஒருமுறை அளந்துவிடுவது நூறு லக்கைத் திருப்பிக் கொடுக்கப் போவதைவிடச் சுலபம். விளக்குகளுக்குத் தனிக் கிரவுண்டு ஒயர் பலகை வரை ஓடுகிறது. சுவிட்சுகளின் கிரவுண்டு ஒயரைக் கடைசிப் பட்டனோடு நிறுத்தாமல் பலகைக்கே திருப்பிக் கொண்டுவந்து வளையமாக்கினேன். எந்த இடத்தில் ஒரு லக் கழன்றாலும் மறுபக்கத்திலிருந்து இணைப்பு இருக்கும். பட்டன் விளக்குகளில் 12 வோல்ட் வகையும் உண்டு. யு.எஸ்.பி.யிலிருந்து வருவது 5 வோல்ட் என்பதால் 5 வோல்ட் வகையையே கேட்டு வாங்க வேண்டும். ஆட்டக்காரருக்கு எட்டு விளக்குகள் 160 மில்லிஆம்பியர் எடுக்கின்றன, யு.எஸ்.பி. 2.0 தரும் 500 மில்லிஆம்பியருக்குள் அது அடங்கிவிடுகிறது.

ஒயரின் பருமனையும் லக்தான் தீர்மானித்தது என்றால் வியப்பாக இருக்கலாம். நம் ஊர்க் கடையில் ஒயரை இழைக்கணக்கில் சொல்வார்கள்: 7/36 என்றால் 36 கேஜ் செம்பு இழை ஏழு, 14/36 என்றால் பதினான்கு. 36 கேஜ் இழையின் விட்டம் 0.19 மில்லிமீட்டர் என்பதால், 7/36 ஏறத்தாழ 0.2 சதுர மில்லிமீட்டர், 14/36 அதன் இரு மடங்கு. 7/36 ஒயர் மீட்டருக்கு 0.085 ஓம் தடை உடையது, 1.5 மில்லிஆம்பியருக்கு அதுவே ராஜபாட்டை. லாங்கு பஜாரில் ஒயர் கேட்டபோது, “இன்னா சார் லோடு?” என்றார் கடைக்காரர். ஒன்றரை மில்லிஆம்பியர் என்றதும், தலைமுடியைக் கொண்டுபோய்க் கட்டுங்கள் என்பதுபோல் பார்த்தார். மின்னோட்டத்தை மட்டும் கேட்டால் அவர் பார்வை சரிதான். ஆனால் சிவப்பு உறை போட்ட லக் 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வரையிலான செம்பைப் பிடிக்கச் செய்தது. 7/36 அதற்குள் ஆடும், இழுத்தால் கையோடு வரும். 14/36 ஒயரின் நுனியை உரித்து இரண்டாக மடித்தால் 0.8 சதுர மில்லிமீட்டராகி, லக்கின் வாய்க்கு அளவாக உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே பட்டனிலிருந்து பலகை வரை எல்லாமே 14/36. வீட்டில் மிச்சமிருக்கும் லேன் கேபிளைப் பிரித்துப் பயன்படுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். அது ஒற்றைக் கம்பி, அதிர்வில் லக்கின் கழுத்தருகே ஒடிந்துவிடும்.

பலகைப் பக்கத்தில், டாட் போர்டு என்ற துளை அட்டை ஒன்றில் பெர்க் பெண் முனைகளை (பின்களைச் செருகும் சாக்கெட் வரிசைகளை) வைத்துப் பிக்கோவைச் செருகியிருக்கிறேன். பலகையை மாற்ற வேண்டியிருந்தால் ஈயத்தை உருக்க வேண்டாம். ஒயர்கள் வந்து சேர, செருகிக் கழற்றும் ரிலிமேட் கனெக்டரா, திருகு டெர்மினலா என்று இரண்டு நாள் யோசித்தேன். ரிலிமேட் பார்க்க அழகு, தவறான பக்கம் செருகவும் முடியாது, ஆனால் அதன் சிறிய பின்னில் 14/36 ஒயரை அழுத்துவது பாடாக இருக்கிறது. திருகு டெர்மினலே வைத்தேன். அதில் ஒயர் நுனிக்கு ஈயம் பூசிச் செருகும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஈயம் மென்மையானது, திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி விலகி, பிடி தளரும். வெறும் இழையை முறுக்கிச் செருகலாம், அல்லது நுனிக் குழல் மாட்டி அழுத்தலாம்.

ஈயக் கம்பி பற்றி எழுத அதிகமில்லை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த 63/37 கம்பி 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறைவதால், கை நடுங்குபவர்களுக்கு 60/40-ஐவிட நல்லது. ஒயர்க் கற்றைகளைப் பெட்டியின் ஒட்டுப்பலகையில் நிறுத்தச் சூட்டுப் பசையை நம்ப வேண்டாம். முதல் பெட்டியைக் கோடைக்கு முன்பே ஒருமுறை காரில் வைத்துவிட்டு வேலூர்க் கோட்டைக்கு எதிரே இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திய பாவத்துக்கு, பசை மொத்தமும் இளகிக் கற்றை தொங்கிவிட்டது. இப்போது பட்டியும் திருகும். யு.எஸ்.பி. ஒயரைப் பெட்டிக்குள் ஒரு மரத்துண்டில் கட்டி நிறுத்தியிருக்கிறேன். பிள்ளைகள் இழுத்தால் மரத்தைத்தான் இழுப்பார்கள், பிக்கோவின் சின்ன சாக்கெட்டை அல்ல.

வேலை முடிந்து, பழைய 24 சுவிட்சுகளோடும் மிஞ்சிய 6.3 மில்லிமீட்டர் லக்குகளோடும் பாயைப் பார்க்கப் போனேன். புதிய சுவிட்ச் ஒன்றையும் காட்டுவதற்காகச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதைக் கையில் வாங்கியதும் வழக்கம்போல் பேட்டரியோடு சேர்ந்த டெஸ்ட் லாம்ப் ஒயரை எடுத்தார். “பாய், வேணாம், உள்ளே தங்கம்” என்று தடுத்தேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

பிறகு கறுத்த பழைய சுவிட்சுகளில் ஒன்றை எடுத்து, பட்டறையில் நின்றிருந்த ஷேர் ஆட்டோவின் பிரேக் விளக்கோடு இணைத்தார். 12 வோல்ட், 21 வாட் பல்பு, 1.75 ஆம்பியர் ஓடும். முதல் அழுத்தத்தில் விளக்கு ஒரு கணம் தயங்கியது. நான்காவது, ஐந்தாவது அழுத்தத்தில் ஒவ்வொரு தடவையும் பளீரென்று எரிந்தது. “நல்ல சாமான்தான் சார், இருக்கட்டும்” என்று அத்தனையையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி மூடி வைத்துக்கொண்டார்.